அலெக்தோர்: கிரேக்கச் சேவலும் தென்னார்க்காட்டுக் கோழியும்

அலெக்தோர் என்பது புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் சேவலைக் குறிக்கும் சொல். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு நற்செய்தி நூல்களிலும் அது வருகிறது. புதிய ஏற்பாட்டின் வேறு எந்த நூலிலும் இல்லை. வருகிற இடங்கள் எல்லாமே ஒரே இரவைச் சேர்ந்தவை. இயேசு பிடிபட்ட அந்த இரவில், அவருடைய முதன்மைச் சீடரான பேதுரு, தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சாதித்தார். அதற்குள் சேவல் கூவிவிட்டது. இந்தச் சொல்லிலிருந்து பிறந்த அலெக்தொரொஃபோனியா, அதாவது சேவற்கூவல், மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு தடவை வருகிறது. அங்கே அது பறவையின் ஒலியைச் சொல்லவில்லை; இரவின் ஒரு பகுதிக்குப் பெயராக நிற்கிறது.

சொல்லின் வேர், தடுத்துக் காத்தல் என்ற பொருளுடைய ஒரு கிரேக்க வினை என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அப்படியானால் அலெக்தோர் என்றால் காப்பவன், எதிர்த்து நிற்பவன். ஹோமரின் காவியங்களில் இது மனிதப் பெயர். ஒதிசியில் அலெக்தோர் என்றொருவர் வருகிறார். அவர் மகளைத்தான் மெனெலாவுஸ் தன் மகனுக்குக் கட்டிவைக்கிறார். இலியத்தில் ஒரு வீரனின் தந்தைக்கு அலெக்த்ரியோன் என்று பெயர். ஆனால் இந்த இரண்டு காவியங்களிலும் சேவல் என்ற பறவை கிடையாது. பெயர் முதலில் ஆளுக்கு இருந்தது, பறவை பிறகு வந்தது, வந்த பறவை விட்டுக்கொடுக்காமல் சண்டையிட்டதால் அந்தப் பெயர் அதற்கு ஏறியது என்று கொள்வது பொருத்தமாக இருக்கிறது. கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளின் கொரிந்துப் பானை ஓவியங்களில் சேவல் தாராளமாக இடம்பெறுகிறது. கி.மு. 414இல் அரங்கேறிய 'பறவைகள்' நாடகத்தில் அரிஸ்தோஃபனிஸ் அதைப் பாரசீகப் பறவை என்றே குறிப்பிடுகிறார். எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது ஏதென்ஸ் மக்களுக்கு அப்போதும் மறக்கவில்லை.

பாரசீகமும் அதன் தாயகம் ஆகாது. வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற தொல்லியல் இடத்தில் கிடைத்த எலும்புகள் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்றும், உறுதியாக வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க எலும்புகளில் அவையே மிகப் பழையவை என்றும் 2022இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அங்கிருந்து இந்தியா வழியாகப் பாரசீகத்துக்கும், பிறகு மத்தியதரைக் கடற்கரைக்கும் பறவை போய்ச் சேர்ந்தது. தென்னிந்தியாவுக்கு இதில் தனிப் பங்கு ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தக்காணத்துக் காடுகளிலும் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியை, 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கையாளர் பியேர் சொன்னெரா விவரித்து எழுதினார். அதன் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர்தான் இருக்கிறது. வீட்டுக்கோழி இதிலிருந்தே தோன்றியது என்று சொன்னெரா கருதினார். டார்வின் அதை மறுத்துச் செங்காட்டுக்கோழியே மூலம் என்றார். 2008இல் வந்த மரபணு ஆய்வு டார்வினின் முடிவை ஏற்றுக்கொண்டது. அதே சமயம், வீட்டுக்கோழியின் தோலுக்கு மஞ்சள் நிறம் தரும் மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்றும் காட்டியது. கடலூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து எழுதியவரின் கணிப்பு முழுவதும் வீண்போகவில்லை.

கிரேக்கத்தில் இந்தப் பறவைக்கு இரண்டு பெயர்கள் வழங்கின. ஏதென்ஸ் உரைநடையிலும் கடைவீதியிலும் அலெக்த்ரியோன். பிண்டார், ஐஸ்கிலஸ் போன்றோரின் கவிதையில் அலெக்தோர். சாகும் தறுவாயில் சாக்ரடீஸ், அஸ்கிலேப்பியோஸ் தெய்வத்துக்கு ஒரு சேவல் கடன் இருப்பதை நினைவூட்டியதாகப் பிளேட்டோ எழுதும் இடத்தில் இருப்பது அலெக்த்ரியோன். இந்த அலெக்த்ரியோன் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுச்சொல். அரிஸ்தோஃபனிஸ் கி.மு. 423இல் எழுதிய 'மேகங்கள்' நாடகத்தில் இதற்கென்றே ஒரு காட்சி இருக்கிறது. பாடம் கேட்க வந்த கிழவர் ஆண் பறவைக்கும் பெண் பறவைக்கும் ஒரே பெயரைச் சொல்ல, நாடகத்துச் சாக்ரடீஸ் அவரைத் திருத்துகிறார்: பெண்ணுக்குப் புதிதாக ஒரு பெயரை உண்டாக்கித் தருகிறார், ஆணை அலெக்தோர் என்று சொல்லச் சொல்கிறார். அரங்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள், ஏனென்றால் அன்றாடப் பேச்சில் யாரும் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து நற்செய்தி நூல்கள் எழுதப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. கிழக்கு மத்தியதரைப் பகுதி முழுவதும் பரவியிருந்த பொதுக் கிரேக்கத்தில் அலெக்தோர் கவிதையை விட்டு இறங்கி, ஆண் பறவைக்குரிய சாதாரணச் சொல்லாகிவிட்டது. மீன்பிடிக்கிற ஒருவரின் கதையைச் சொல்பவர்கள் அதைத்தான் எடுத்தாண்டார்கள்.

தமிழில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதை, வேறு வழியில். தொல்காப்பியத்தின் மரபியல், சேவல் என்பதைத் தனியொரு பறவையின் பெயராகக் கொள்ளவில்லை. சிறகுள்ள எல்லாவற்றின் ஆணுக்கும் அது பெயர். மயிலுக்கு மட்டும் விலக்கு. பெண்ணுக்குப் பெடை, பேடை என்ற சொற்கள் உண்டு. அளகு என்பதைக் கோழிப் பெண்ணுக்கும் கூகைப் பெண்ணுக்கும் உரியதாக அந்நூல் எல்லை கட்டுகிறது. புறநானூற்றில் பிசிராந்தையார் அழைத்துப் பேசுவது அன்னச் சேவலை. ஆகவே பழந்தமிழில் சேவல் என்று மட்டும் சொன்னால் எந்தப் பறவை என்ற கேள்வி எழும். வீட்டுமுற்றத்துப் பறவைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், பெயர் கோழி. விடியலில் கூவிக் காதலரைப் பிரிப்பதும் குறுந்தொகையில் கோழிதான். யானையை எதிர்த்து வென்ற பறவையின் கதையால் சோழரின் உறையூருக்குக் கிடைத்த பெயரும் கோழி என்பதே. முருகனின் கொடியைத் திருமுருகாற்றுப்படை ஓரிடத்தில் கோழிக்கொடி என்கிறது, வேறோரிடத்தில் சேவலங்கொடி என்கிறது. இரண்டு வழக்கும் ஒரே பாட்டுக்குள் அருகருகே இருப்பது, மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டில் இருப்பது புலவர் வழக்கு. ஊர்மக்கள் என்ன சொன்னார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி. அந்தக் கல் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அந்த மாவட்டம் 1993இல் இரண்டாகப் பிரிந்தபோது விழுப்புரம் பக்கம் போன ஊர்களில் அரசலாபுரம் ஒன்று. பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமம் ஒன்றியம் கடலூர் பக்கம் நின்றது. கோடு நிர்வாகத்துக்குத்தான், பெண்ணையாற்றுக்கு இருபுறமும் பேச்சும் கும்பிடும் சாமிகளும் ஒன்றே.

அரசலாபுரத்து நடுகல் ஒரு சேவலுக்கு எடுக்கப்பட்டது. பலகைக்கல்லில், கழுத்தை நீட்டிச் சண்டைக்கு நிற்கும் பறவையின் உருவம். பக்கத்தில் பழைய வட்டெழுத்தில் சில சொற்கள். ஏறக்குறைய கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எழுத்து அது. முகையூரின் மேற்சேரிக்காகப் போரிட்டு உயிர்விட்ட கோழி என்பது அதன் செய்தி. இன்னொரு கல் செங்கல்பட்டுப் பக்கத்து இந்தளூரில் கிடைத்தது. கீழ்ச்சேரியின் கோழி அது என்றும் அதற்குப் பொற்கொற்றி என்று பெயர் என்றும் அந்தக் கல் சொல்கிறது. சேர்த்துப் பார்த்தால் ஒரு வழக்கம் முழுவதும் தெரிகிறது. ஊர் மேற்சேரி, கீழ்ச்சேரி என்று பிரிந்து நிற்கிறது. ஒவ்வொரு சேரிக்கும் ஒரு பறவை. அந்தப் பறவை வென்றாலும் மாண்டாலும் அது சேரியின் பெருமை. நடுகல் என்பது ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனுக்கு எடுப்பது. அந்த மரியாதையைக் குறையில்லாமல் ஒரு பறவைக்கும் கொடுத்திருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், எசமானுக்காக நின்று போராடிய கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் இடம் உண்டு. உயிர்விட்டுக் காத்தது எதுவானாலும் அதற்குக் கல் உண்டு என்ற நேர்மை இவற்றில் இருக்கிறது. தமிழ் வரலாற்றுப் பாடநூல்கள் இந்தக் கற்களுக்கு இப்போது தருவதைவிடக் கூடுதல் இடம் தரவேண்டும்.

சொல்வரலாற்றுக்கு இந்தக் கற்கள் தரும் சான்று தெளிவானது. இரண்டு பறவைகளும் சண்டைச் சேவல்கள், சந்தேகமில்லாமல் ஆண். இரண்டு கல்வெட்டுகளும் எழுதுவது கோழி என்றே. 'மேகங்கள்' நாடகத்துக் கிழவர் பேசிய பேச்சும் முகையூர்க்காரர்கள் பேசிய பேச்சும் ஒரே வகை: ஆணையும் பெண்ணையும் பிரிக்காத ஒரே பொதுப்பெயர். சண்டையின் பெயரும் அப்படியே நின்றது. புறப்பொருள் வெண்பாமாலை இந்தப் போரின் வெற்றியைக் கோழிவென்றி என்கிறது. சேவற்கட்டு என்பது அதன் பின் வந்த வழக்கு.

நற்செய்தி நூல்களின் நிலமான பாலஸ்தீனத்தில் சேவல் புதிய பறவை. எபிரேய மொழியில் உள்ள பழைய ஏற்பாட்டில் சேவல் என்று ஐயமில்லாமல் சொல்லத்தக்க சொல் ஒன்றுகூட இல்லை. யோபு நூலில் ஒரு சொல்லுக்கும் நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஒரு தொடருக்கும் சிலர் அப்படிப் பொருள் கொள்வதுண்டு. பின்னதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூதர்கள், பெட்டைகளுக்கு நடுவே துணிந்து நடக்கும் அலெக்தோர் என்று எழுதினார்கள். பறவையை நேரில் கண்டு பழகியவர்களின் மொழிபெயர்ப்பு அது. எருசலேமுக்கு வடக்கே தெல் என்-நஸ்பே என்ற இடத்தில் 1932இல் கிடைத்த ஒரு முத்திரைக்கல்லில், கி.மு. 600ஐ ஒட்டிய காலத்துச் சண்டைச் சேவல் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அரசனின் அதிகாரி ஒருவர் தன் அடையாளமாக அதைத் தேர்ந்துகொண்டார்.

எருசலேமில் சேவலே இருந்திருக்க முடியாது என்று ஒரு வாதம் வெகுகாலம் இருந்தது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூல், கோவிலுக்குரிய தூய பொருள்கள் கெட்டுவிடும் என்பதற்காக எருசலேமில் கோழி வளர்ப்பதைத் தடுக்கிறது. கோழி குப்பையைக் கிளறித் தீட்டானதை இழுத்துவந்து போடும் என்ற கவலைதான் அதற்குக் காரணம். இதை வைத்து, பேதுரு கேட்டது பறவையின் கூவலாக இருக்காது, கோவில் ஏவலரின் அழைப்பாகவோ உரோமைக் காவற்படையின் எக்காள ஒலியாகவோ இருக்கும் என்று சிலர் எழுதினார்கள். ஆனால் அதே மிஷ்னா இன்னோரிடத்தில், ஆளைக் கொன்றுவிட்ட ஒரு சேவலை எருசலேமில் கல்லெறிந்து கொன்றதாகச் சாட்சி சொல்கிறது. தடை இருந்த ஊரில் சேவலும் இருந்தது. தடை ஒன்று எழுதப்படுவதே, அந்தப் பழக்கம் ஊரில் இருந்ததால்தான். நற்செய்தியாளர்கள் நால்வரும் பறவையின் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். எக்காளத்துக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் இருக்கிறது. எளிய பொருளை விட்டுவிட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

கூவுதலுக்கு நற்செய்தி நூல்கள் ஆளும் வினை கவனிக்கத்தக்கது. ஃபோனெயோ என்பது ஓர் ஆள் இன்னோர் ஆளைக் குரல் கொடுத்து அழைப்பதற்கும் வரும் சொல். தமிழ்நாட்டு ஊர்ப்பேச்சில் 'கோழி கூப்பிட்டாச்சு' என்பதும் இதே மாதிரிதான். பெட்டை கொக்கரிக்கும், குஞ்சு கத்தும். ஆண் கூவும், கூப்பிடும். ஆளைக் கூப்பிடுவதற்கும் இதே வினைதான்.

நான்கு நூல்களில் மாற்கு மட்டும் சேவல் இரண்டு தடவை கூவியதாகச் சொல்கிறது. பேதுரு முதல் தடவை மறுத்ததும் ஒரு கூவல், மூன்றாம் தடவை மறுத்ததும் இன்னொன்று. பழைய கைப்படிகள் சிலவற்றில் அந்த முதல் கூவல் இல்லை. மற்ற மூன்று நூல்களோடு ஒத்துப்போகட்டும் என்று படியெடுத்தவர்கள் விட்டிருக்கலாம். ஆனால் சேவலோடு வாழ்ந்தவர்களுக்கு மாற்கின் கணக்குதான் இயல்பானது. இரவு முடிவதற்குள் சேவல் பல முறை கூவும். முதல் கூவலுக்கும் அடுத்ததற்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கும். முதல் கூவலைக் கேட்டும் பேதுரு தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை என்பதை மாற்கு சொல்லாமல் சொல்கிறது. நால்வரில் இந்தக் கதையை மிகக் கூர்மையாகச் சொன்னவர் மாற்குதான்.

அந்த நூலின் 13ஆம் அதிகாரத்தில், வீட்டுத்தலைவர் எப்போது வருவாரோ என்று விழித்திருக்கச் சொல்லும் உவமையில், இரவின் நான்கு பகுதிகள் பெயர் சொல்லப்படுகின்றன: மாலை, நள்ளிரவு, சேவற்கூவல், விடியல். உரோமைப் படையினர் இரவை நான்கு காவலாகப் பிரித்த முறை இது. யூதரின் பழைய முறையில் இரவுக்கு மூன்று காவல்தான். நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி ஏறக்குறைய 3 மணி வரை செல்லும் மூன்றாம் காவலுக்கு அலெக்தொரொஃபோனியா என்று பெயர். உரோமர்களின் இலத்தீனிலும் சேவற்கூவல் என்ற பொருள்படும் ஒரு சொல்தான் இதே நேரத்துக்கு வழங்கியது. ஆகவே சேவல் கூவுமுன் என்ற எச்சரிக்கையை மூன்றாம் காவல் முடிவதற்குள் என்ற நேரக்கணக்காகவும் முதல் வாசகர்கள் கேட்டிருப்பார்கள்.

தமிழருக்கு இந்த அடுக்கு அந்நியமாக இருக்கவில்லை. 60 நாழிகை கொண்ட நாளில் 8 சாமம், இரவுக்கு 4, சாமம் ஒன்றுக்கு ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். உரோமைக் காவலும் தமிழ்ச் சாமமும் அளவில் அப்படியே பொருந்துகின்றன. சிதம்பரம் கோயிலில் இரவின் கடைசிப் பூசைக்கு இன்றும் அர்த்தசாமம் என்றே பெயர். அதற்குப் பின் விடியும்வரை, கடிகாரமில்லாத ஊர்களுக்கு நேரம் சொல்ல இரண்டே வழி இருந்தது. ஒன்று வானத்து மீன்கள், மற்றது கோழி. மழைக்கால மூடாக்கில் மீன்கள் உதவாது. தென்னார்க்காட்டில் ஏற்றம் இறைத்துப் பயிர் வளர்த்த குடும்பங்கள் முதல் கோழிக்கு எழுந்து கிணற்றடிக்குப் போயின. மல்லாட்டை மூட்டையும் பலாப்பழமும் ஏற்றிப் பண்ருட்டிச் சந்தைக்குக் கிளம்பும் வண்டிகளுக்கும் கோழிதான் புறப்பாட்டு நேரம். முதல் கோழி, இரண்டாம் கோழி என்று எண்ணிச் சொல்லும் வழக்கம் மாற்கின் இரண்டு கூவலுக்கு நல்ல உரை.

பறவை ஏன் இருட்டிலேயே கூவுகிறது என்பதற்கு விடை 2013இல் வந்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை மாறாத மங்கலான ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். விடியலின் அறிகுறி எதுவும் இல்லாமலே அவை ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் கூவின. கூவலை நடத்துவது உடலுக்குள் ஓடும் ஒரு கடிகாரம். இயல்பான பகல் இரவில், வெளிச்சம் வருவதற்கு ஏறக்குறைய 2 மணி நேரம் முன்பே முதல் கூவல் எழும். 6 மணியளவில் விடியும் பெண்ணையாற்றங்கரையில் அது 4 மணி, நாலாம் சாமத்தின் முற்பகுதி. 2015இல் அதே குழுவினர், கூட்டத்தின் தலைச்சேவலே முதலில் கூவும் என்றும் மற்றவை வரிசைப்படி பின்தொடரும் என்றும் கண்டறிந்தார்கள். ஓர் ஊரின் பல வீடுகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கூவல் கேட்பதைக் காலங்காலமாகக் கவனித்தவர்களுக்கு இந்தச் செய்தி பழகியதாகவே தோன்றும்.

அலெக்தோர் தமிழுக்கு வந்த இடம் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டி, தரங்கம்பாடி. 1706 ஜூலையில் டேனியர் துறைமுகமான அங்கே வந்திறங்கிய மறைப்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, 1708இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகளைக் கொண்டு, நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் பணியும் 1714இலும், மீதி 1715இலும் அச்சாயின. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. கூவுகிற பறவையின் கதையைத் தமிழர் நற்செய்தி நூலிலேயே அச்சில் படிக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

தரங்கம்பாடியிலிருந்து நூல் வடக்கே நடந்துவந்த முதல் பெரிய ஊர் கடலூர். தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலக் கம்பெனியின் புனித டேவிட் கோட்டை 1690 முதல் இருந்தது. அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தச் சீகன்பால்கு தன் கடைசி ஆண்டுகளில் முயற்சி எடுத்தார். 1740இல் சுவீடன் நாட்டவரான யோவான் சகரியா கீர்நாந்தர் கடலூர் மிஷனுக்கு வந்து 18 ஆண்டுகள் இருந்தார். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்ததும் அவர் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. கல்கத்தா சென்று அங்கே நிலைத்தார். போரின் அலை திரும்பி 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது, ஆங்கிலேயர் அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். வேப்பேரியில் யோவான் பிலிப் ஃபப்ரிசியுஸின் கைக்கு அது வந்தது. தமிழ் மொழிபெயர்ப்பைச் சொல்சொல்லாகத் திருத்துவதில் ஆயுளைச் செலவிட்ட அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. போரில் கைமாறிய ஒரு பொறி இப்படியொரு நல்ல வேலைக்குப் பயன்பட்டதை மறக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன் இருந்த சிக்கலை இப்போது புரிந்துகொள்ளலாம். அவர்கள் தாய்மொழியான ஜெர்மனில் ஆணுக்கும் பெட்டைக்கும் வெவ்வேறு சொற்கள். கடற்கரையில் எல்லாரும் பேசிய போர்த்துகீசியத்திலும் அப்படியே. தமிழில் கோழி என்றால் இரண்டும், சேவல் என்றால் இலக்கண நூலின்படி எந்தப் பறவையின் ஆணும். இந்த நெருக்கடி இன்னோரிடத்தில் கூடுகிறது. எருசலேமைப் பார்த்து இயேசு வருந்தும் பகுதியில், குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் தாய்ப்பறவை வருகிறது. அங்கே மத்தேயுவும் லூக்காவும் எழுதுவது ஓர்னிஸ், அதாவது பறவை என்ற பொதுச்சொல். குஞ்சுகளை வைத்துத்தான் அது தாய்க்கோழி என்று தெரிகிறது. கிரேக்கத்தில் ஆணுக்குத் தனிச்சொல்லும் தாய்க்குப் பொதுச்சொல்லும் நிற்க, தமிழ் வேதாகமம் சேவல் என்றும் கோழி என்றும் அந்த இரண்டு இடங்களையும் பிரித்துக்கொண்டது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் முழுமையாக வந்து இன்றும் சீர்திருத்த சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, 1995இல் வந்த திருவிவிலியம் ஆகிய இரண்டிலும் பேதுருவின் இரவில் இருப்பது சேவல், குஞ்சுகளைச் சேர்ப்பது கோழி. மாற்கின் நேரப்பெயரும் சேவல் கூவும் நேரம், சேவல் கூவும் வேளை என்றே வருகிறது. சாமம் என்ற சொல்லால் அதை மூடிவிடாமல் பறவையை அப்படியே விட்டுவைத்தது நல்ல தேர்வு. மூலத்தில் நேரமும் பறவையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. தமிழிலும் இரண்டும் தங்கிவிட்டன.

இரண்டு மொழிகளிலும் சொற்கள் பிறகும் இடம் மாறின. இன்றைய கிரேக்கப் பேச்சில் சேவலுக்குக் கோகொரஸ், பெதினோஸ் என்ற பெயர்கள் வந்துவிட்டன. பழைய அலெக்தோரின் வழிவந்த வடிவம் ஏட்டு நடைக்கும் ஆலய வாசகத்துக்கும் உரியதாக ஒதுங்கிவிட்டது. தமிழில் சேவல் மற்றப் பறவைகளை விட்டுக் கோழியின் ஆணுக்கே உரியதாகக் குறுகியது. அண்ணாகிராமம், பண்ருட்டி வட்டாரப் பேச்சில் அது சாவல். வீரனாருக்கும் ஐயனாருக்கும் நேர்ந்துவிடுவது சாவல். அடைக்கு வைப்பது பொட்டைக் கோழி. முட்டையிடும் பருவத்தை எட்டாதது வெடை. ஆனால் விடியலைச் சொல்லும்போது மட்டும் கோழி கூப்பிடும் நேரம் என்றே வாயில் வருகிறது. கூப்பிடுவது ஆண் என்று தெரிந்தும், முகையூர்க் கல்லின் பழைய பொதுப்பெயர் அந்த ஒரு தொடரில் பிழைத்திருக்கிறது. சிதம்பரம் கோயிலுக்குள் பாண்டியநாயகம் எனப்படும் முருகன் சன்னிதியில் வணங்குபவர்களுக்கோ கொடி எப்போதும் சேவற்கொடி.

பறவையைச் சுற்றியிருந்த வழக்கங்களில் சட்டமும் புகுந்தது. கோயில் வளாகத்தில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950இல் வந்து பெரும்பாலும் ஏட்டளவில் இருந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாகச் செயல்படுத்தச் சொன்னபோது ஊர்களில் எழுந்த மனவருத்தத்தால் 2004இல் அது நீக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்குகளையும் பறவைகளையும் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. இன்று பொங்கலை ஒட்டி அங்கங்கே நீதிமன்ற நிபந்தனைகளோடு நடக்கும் சேவற்கட்டுகளில் காலில் கத்தி கட்டுவதற்குத் தடை உண்டு. முட்டைக்காகக் கூண்டில் வளர்க்கும் பண்ணைகளில் பெட்டைகள் மட்டுமே இருக்கும். முட்டையிடச் சேவல் தேவையில்லை என்பதால் அங்கே கூவலும் இல்லை. நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகள் இருக்கும்வரை முதல் கோழி, இரண்டாம் கோழி என்ற கணக்குக்கு ஊரில் பொருள் இருக்கும். பெரிய வியாழன் இரவு ஆலயத்தில் பேதுருவின் கதையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் தென்னார்க்காட்டுக் கிறிஸ்தவர்களுக்கு, அதிலுள்ள இரண்டு கூவல்களையும் விளக்க உரையாசிரியர் யாரும் தேவைப்பட்டதில்லை.